தேனீ தந்த உமர்தம்பி

வள்ளல் என்றதும் நம் நினைவு முல்லைக்குத் தேர் ஈந்த பாரியிடமும், மயிலுக்குப் போர்வை அளித்த பேகனிடமும் ஓடுகிறது. பொன்னும் பொருளும், ஊரும் தேரும் கொடுத்தவர்களை நாடு மறப்பதில்லை. ஆனால், அன்றாட வேலைக்கு உதவும் சிறு கருவியைச் செய்து, விலை கேளாமல் ஊருக்கு அளித்தவர்களை நாம் அந்த வரிசையில் வைத்து எண்ணுவதில்லை. அரிவாள்மணையை முதலில் செய்தவர் யார்? கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கும் பாதாளக் கரண்டியை முதலில் வடித்தவர் யார்? நாம் அறியோம். கருவி கைக்குப் பழகிய அன்றே செய்தவர் பெயர் மறைந்துவிடுகிறது.

கணிப்பொறி உலகிலும் இதுவே வழக்கம். எழுத, படிக்க, மடல் அனுப்ப, பழைய கோப்பைத் திறக்க என்று நாள்தோறும் நாம் கையாளும் சிறு செயலிகள் பல. அவற்றுள் எத்தனையோ, யாரோ ஒருவர் இரவெல்லாம் விழித்துச் செய்து இலவசமாகக் கொடுத்தவை. தமிழுக்கு அத்தகைய கருவிகளைச் செய்தளித்தவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் அதிராம்பட்டினத்து உமர்தம்பி. 2006இல் மறைந்த அவருடைய வாழ்க்கையை நம் மாணவ நண்பர்கள் அறிய வேண்டும் என்ற ஆசையால் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நான் பெங்களூரு மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவன். அல்சூர் ஏரிக்கு அண்மையில், ஆங்கிலேயர் காலத்தில் தண்டுப் பகுதியாக இருந்த இடத்தில், உழைப்பாளர் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த பேட்டை அது. நாக்ஸ் பேட்டை என்ற பழைய பெயர் போய், மர்பி என்னும் பொறியாளரின் பெயர் அதற்கு வந்தது. 1947இல் தண்டுப் பகுதி மைசூர் அரசிடம் திரும்பிற்று. 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. எல்லைகளும் ஆட்சிகளும் மாறின. தமிழ் பேசும் எங்கள் குடும்பங்களோ இருந்த தெருவிலேயே இருந்தன. வீட்டில் தமிழ், கடைவீதியில் தமிழும் கன்னடமும் உருதும், பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும். எங்கள் தெருப் பிள்ளைகள் தமிழை வாயாரப் பேசுவார்கள். எழுதச் சொன்னால் தயங்குவார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் தமிழ் எழுதும் கருவியைக் காசு கொடுத்து வாங்கு என்றால் வாங்குவோர் எத்தனை பேர்? ஆங்கிலம் எழுதுவதற்கு யாரும் தனியாகக் காசு கேட்பதில்லை. அது கணிப்பொறியோடு கூடவே வருகிறது. தமிழுக்கு மட்டும் தனி விலை என்றால், முதலில் கைவிடப்படுவது தமிழாகத்தான் இருக்கும். சென்னையிலும் மதுரையிலும் உள்ளோர்க்கு இலவசக் கருவி ஒரு வசதி. பள்ளியிலும் அலுவலகத்திலும் தமிழ் இல்லாத எங்களைப் போன்றோர்க்கோ அது மொழியின் உயிர் ஓடும் நரம்பு. உமர்தம்பியின் அருமை எனக்குப் புலப்பட்டது இந்த நோக்கில்தான்.

பிறந்த ஊரும் பிழைப்பும்

தஞ்சை மாவட்டத்தின் தென்கோடியில், பட்டுக்கோட்டைக்கு அருகே, பாக் நீரிணையின் கரையில் இருக்கிறது அதிராம்பட்டினம். உப்பளங்களும் மீன்பிடி தொழிலும் உள்ள ஊர். கடல் கடந்து வாணிகத்துக்கும் வேலைக்கும் ஆண்மக்களை அனுப்பிப் பழகிய ஊர். அங்கே 1953ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள் உமர்தம்பி பிறந்தார். அவர் தவழ்ந்து நடக்கும் பருவத்தில், 1955இல், அவ்வூரில் காதிர் முகைதீன் கல்லூரி எழுந்தது. கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் கல்லூரி தோன்றியதன் பயன் எத்தகையது என்பதற்கு உமர்தம்பியே சான்று. அவர் கல்லூரிக் கல்வி பெற்றது அங்கேதான்.

அவர் காலத்து மாணவர்க்குக் கணிப்பொறி ஒரு பாடமன்று. கண்ணால் காண்பதே அரிது. உமர்தம்பி பின்னாளில் கற்றது மின்னணுவியல். கைக்கொண்டது வானொலி, தொலைக்காட்சி முதலிய கருவிகளைப் பழுது பார்க்கும் தொழில். ஊரார் பலரைப் போல அவரும் பிழைப்புக்காக வளைகுடா நாட்டுக்குச் சென்றார். துபாயில் நெடுங்காலம் பணியாற்றினார். மின்னணுக் கருவிகளோடு பழகிய கை அங்கே கணிப்பொறியோடும் பழகிற்று. எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குக் கணிப்பொறியியல் பட்டம் தரவில்லை. தாமே படித்தார், தாமே செய்து பார்த்தார், தாமே தேர்ந்தார்.

பழுது பார்ப்பவரின் மனப்பாங்கை இங்கே சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கள் மர்பி டவுன் கடைவீதியில் இன்றும் அத்தகையோரைக் காணலாம். பாடாத வானொலிப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், புதிதாக வாங்குங்கள் என்று அவர்கள் சொல்வதில்லை. மூடியைக் கழற்றுகிறார்கள். கருகிய துண்டு எது, விட்டுப்போன பற்று எது என்று தேடுகிறார்கள். அந்த ஒன்றை மட்டும் மாற்றுகிறார்கள், பெட்டி பாடுகிறது. உலகையே மாற்றி அமைக்கும் பெருந்திட்டம் அவர்களிடம் இல்லை. எங்கே தடைப்படுகிறது என்று காணும் கண் இருக்கிறது. உமர்தம்பி தமிழுக்குச் செய்த கருவிகளை ஒவ்வொன்றாக நோக்கினால், அவை யாவும் இந்தக் கண்ணால் கண்டு செய்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

எழுத்துகளின் குழப்பம்

அவர் தமிழ்க் கணிமையில் இறங்கிய காலத்தின் நிலையை இன்றைய மாணவர்க்கு விளக்காவிட்டால் அவர் பணியின் பயன் விளங்காது. அக்காலத்துக் கணிப்பொறி எழுத்துகளை ஒரு பெட்டியில் உள்ள அறைகளாக எண்ணிக்கொள்ளுங்கள். மொத்தம் 256 அறைகள். அவற்றில் முதல் பாதியாகிய 128 அறைகள் ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் குறிகளுக்கும் உரியவை. தமிழ் எழுத்துருவைச் செய்தோர் அந்த அறைகளிலே தமிழ் வடிவங்களைக் குடிவைத்தனர். எந்த வடிவம் எந்த அறையில் என்பதை ஒவ்வொருவரும் தத்தம் விருப்பம்போல் முடிவு செய்தனர்.

விளைவு என்ன? பரவலாக வழங்கிய பாமினி என்ற எழுத்துருவில் தமிழ் என்று எழுதினால், கணிப்பொறியின் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். பாமினி இருக்கும் கணிப்பொறியில் அது தமிழாகத் தெரியும். இல்லாத கணிப்பொறியில் பொருளற்ற குப்பையாகத் தெரியும். வேறோர் எழுத்துருவில் எழுதினால் வேறொரு குப்பை. ஓர் அச்சகத்தில் தட்டிய கட்டுரையை அடுத்த அச்சகத்தில் திறக்க முடியாது. துபாயில் இருக்கும் தந்தை அனுப்பிய தமிழ் மடலை ஊரில் இருக்கும் மகன் படிக்க, இருவரிடமும் ஒரே எழுத்துரு இருக்க வேண்டும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க அறிஞர்கள் முயலாமல் இல்லை. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1990களில் தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டார். அவர் முயற்சியால் 1997இல் அங்கே தமிழ் இணையக் கருத்தரங்கு நடந்தது. 1999இல் அவர் காலமானார். மலேசியாவின் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் முதலியோர் பல நாட்டு அன்பர்களோடு கூடி திஸ்கி என்னும் பொதுக் குறியீட்டை வகுத்தனர். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டு அரசு டாம், டாப் என்ற குறியீடுகளையும், தமிழ் 99 என்ற விசைப்பலகையையும் ஏற்றது. குழப்பத்தைத் தீர்க்க வந்த பொதுக் குறியீடுகளே ஒன்றுக்கு மேற்பட்டனவாய் நின்றன.

இதற்கிடையில், உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே அட்டவணையாக ஒருங்குறி 1991இலேயே வந்திருந்தது. அதில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் மாறாத எண் ஒன்று உண்டு. த என்பதற்கு 2980. ம என்பதற்கு 2990. இகரக் குறிக்கு 3007. ழ என்பதற்கு 2996. மெய்ப்புள்ளிக்கு 3021. இவ்வைந்தும் சேர்ந்தால் உலகின் எந்தக் கணிப்பொறியிலும் தமிழ் என்ற சொல் தோன்ற வேண்டும். உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தராமல் உடைத்து எழுதும் முறை தமிழின் இயல்புக்கு ஒவ்வாது என்று அறிஞர் சிலர் வாதிட்டனர். அவ்வாதத்தில் பொருள் உண்டு. ஆயினும், வாதம் முடியும்வரை படிப்பவன் காத்திருக்க இயலுமா?

தேனீ பறந்த கதை

2000ஆம் ஆண்டுக்குப் பின் தமிழர் இணையத்தில் வலைப்பூக்கள் எழுதத் தொடங்கினர். எழுதியவர்கள் ஒருங்குறியைக் கையாள விரும்பினர். ஆனால், அன்று மக்கள் கையில் இருந்த கணிப்பொறிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 98 வகை. அதில் ஒருங்குறித் தமிழ் எழுத்துரு கிடையாது. விண்டோஸ் 2000இலும் அதன் பின் வந்தவற்றிலும்தான் லதா என்ற எழுத்துரு உடன் வந்தது. பழைய பொறியில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் வரிசை வரிசையாகக் கட்டங்களே தெரியும்.

எழுத்துருவை இறக்கி நிறுவிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். சொந்தமாகக் கணிப்பொறி வைத்திருந்தவர்க்கு அது சரி. நம் நாட்டில் அன்று இணையம் பார்த்தவர்களில் மிகப் பலர் தெருமுனை இணைய மையங்களுக்குச் சென்று மணிக்கணக்கில் கட்டணம் கொடுத்துப் பார்த்தவர்கள். மையத்துக்காரர் தம் பொறியில் எதையும் நிறுவ விடமாட்டார். ஆகவே, காசும் கொடுத்து, தமிழும் தெரிந்து, தமிழைப் படிக்க முடியாத நிலை.

பழுது எங்கே என்று உமர்தம்பி கண்டார். படிப்பவரின் பொறியில் எழுத்துரு இல்லை. அதை நிறுவ அவருக்கு உரிமையும் இல்லை. அப்படியானால், பக்கமே தன் எழுத்துருவைக் கையோடு கொண்டுவரட்டும். இயங்கு எழுத்துரு என்பது இதுதான். வலைப்பக்கத்தைத் திறந்ததும் உலாவி எழுத்துருவைத் தானே வருவித்து, அப்பக்கத்துக்கு மட்டும் பயன்படுத்திக்கொள்ளும். நிறுவ வேண்டிய தேவை இல்லை. யாரிடமும் அனுமதி கேட்கவும் வேண்டாம். இந்த முறையில் ஒருங்குறித் தமிழுக்கு அவர் செய்தளித்த எழுத்துருவே தேனீ. பெயரைப் பாருங்கள்! பல பூக்களில் அமர்ந்து தேனைத் திரட்டும் ஈ தான் உண்பதற்கு மட்டுமா திரட்டுகிறது? வலைப்பூ எழுதியோர் தம் பக்கத்தில் சில வரிகளைச் சேர்த்தால் போதும். தேனீ அங்கே வந்து அமரும். நேற்றுவரை கட்டங்களாய்த் தெரிந்த பக்கம் இன்று தமிழாய்த் தெரியும். தமிழ் வலைப்பதிவர் பலர் அதைக் கையாண்டனர். அவரைத் தேனீ உமர் என்றே அழைத்தனர்.

அந்த வித்தைக்கு எல்லையும் இருந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்ற ஓர் உலாவியில்தான் அது வேலை செய்யும். ஆயினும், அன்று இணைய மையங்களில் மிகுதியாக இருந்தது அந்த உலாவிதான். இருப்பதை வைத்து இயன்றதைச் செய்வதே பழுது பார்ப்பவரின் அறம் அல்லவா?

தேனீயோடு அவர் நின்றாரில்லை. வைகை என்றும், உமர் என்றும் எழுத்துருக்களை ஆக்கினார். ஆங்கில விசைப்பலகையில் ஒலிக்கு ஏற்பத் தட்டினால் ஒருங்குறித் தமிழாக மாறும் எழுதி ஒன்றைச் செய்தார். தட்டச்சுப் பயிலாதவரும், தமிழ் விசைப்பலகையைக் கண்டிராதவரும், தாம் பேசும் ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் எழுத அது வழி செய்தது. எங்கள் பேட்டையைப் போல ஆங்கிலப் பள்ளியில் படித்துத் தமிழை வீட்டில் மட்டும் பேசும் பிள்ளைகளுக்கு இம்முறை எத்தனை துணை என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

இன்னொரு தொல்லை இருந்தது. சில இடங்களில் ஒருங்குறி மடல்கள் எழுத்தாகத் தெரியாமல், மேலே நான் சொன்ன எண்களாகவே வந்து குவியும். 2980, 2990, 3007 என்று பக்கம் முழுவதும் எண்கள்! நலமா என்று கேட்ட மடல் கணக்குப் பேரேடு போல் காட்சி தரும். அந்த எண்களை மீண்டும் எழுத்தாக்கிப் படிக்க உதவும் செயலி ஒன்றையும் உமர்தம்பி செய்தார். பழைய குறியீட்டில் இருப்பதை ஒருங்குறிக்கு மாற்றும் மாற்றி, வலைப்பதிவர் தம் பக்கத்துக்குச் செய்தியோடை அமைத்துக்கொள்ள உதவும் கருவி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாம் சிறியவை. ஒவ்வொன்றும் ஒரே ஒரு வேலையைச் செய்பவை. எல்லாம் இலவசம்.

இவற்றை அவர் மட்டுமே செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஜெர்மனியில் வாழ்ந்த ஈழத்தமிழர் சுரதா யாழ்வாணன் எழுத்து மாற்றிகளைச் செய்து இணையத்தில் வைத்தார். முகுந்தும் அவர் நண்பர்களும் எ-கலப்பை என்ற எழுதும் கருவியை இலவசமாகக் கொடுத்தனர். 2004இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் என்ற திரட்டியைத் தொடங்கி, சிதறிக் கிடந்த வலைப்பூக்களை ஒரே முற்றத்தில் கூட்டினார். ஒருவர் மண் கொண்டுவர, ஒருவர் கல் கொண்டுவர, ஒருவர் நீர் கொண்டுவர எழுந்த வீடு அது. உமர்தம்பி அவ்வீட்டின் கொத்தர்களில் ஒருவர். அவர் பெருமைக்கு அதுவே போதும்.

இலவசம் என்னும் எண்ணம்

இலவசமாக மென்பொருள் கொடுக்கும் எண்ணம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் 1982இல் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் என்பவர் தொலைபேசி வழியே கணிப்பொறிகளை இணைக்கும் செயலி ஒன்றைச் செய்தார். கடையில் விற்காமல், விரும்பியவர் படியெடுத்துக்கொள்ளலாம், பயன் கண்டால் விரும்பிய காணிக்கை அனுப்பலாம் என்று விட்டார். அதே காலத்தில் ஜிம் நாப் என்பவரும் தகவல்களை அடுக்கிவைக்கும் தம் செயலியை அவ்வாறே பரப்பினார். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவித்தார். விலை இல்லாமை மட்டும் போதாது. செயலியின் மூல வரிகளைப் படிக்கவும், திருத்தவும், பிறர்க்குக் கொடுக்கவும் உரிமை வேண்டும் என்பது அவர் கொள்கை.

இந்த வேறுபாட்டை நாம் கருத்திற் கொள்ள வேண்டும். சோறு போடுவது ஒரு கொடை. விதை நெல்லைக் கொடுப்பது மற்றொரு கொடை. விலையில்லாச் செயலி பசி ஆற்றும். மூலமும் திறந்திருந்தால்தான், செய்தவர் மறைந்த பின்னும் மற்றொருவர் அதை வளர்க்க முடியும். செய்தவர் ஒருவரின் கணிப்பொறியிலும், ஒரே ஒரு வலைத்தளத்திலும் மட்டும் வாழும் கருவி அவரோடு மறையும் அச்சம் எப்போதும் உண்டு.

இந்தச் சிறு கருவிகளின் பயனை என் தெருவில் நடந்த ஒரு செய்தியால் விளக்குகிறேன். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், அங்கே வாழ்ந்த குடும்பங்களின் பெயர்களையும், எந்த ஊரிலிருந்து எப்போது வந்தனர் என்பதையும், கோயில் திருவிழாவுக்கு யார் யார் என்ன கொடுத்தனர் என்பதையும் பல ஆண்டுகள் பாடுபட்டுத் திரட்டிக் கணிப்பொறியில் ஏற்றி வைத்திருந்தார். வட ஆர்க்காட்டுச் சிற்றூர்கள் எத்தனையோ அதில் இருந்தன. அவர் காலமான பிறகு பிள்ளைகள் அந்தக் கோப்பைத் திறந்தனர். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் கலந்த குப்பையே தெரிந்தது. கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிட முனைந்தனர். தட்டச்சுக் கடை ஒன்றில் மீண்டும் தட்டித் தருவதற்குப் பெருந்தொகை கேட்டனர். எதைப் பார்த்துத் தட்டுவது என்பதும் தெரியவில்லை.

அது பழைய எழுத்துரு என்று உணர்ந்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்து மாற்றி ஒன்றில் அதை இட்டோம். மாற்றி செய்வது என்ன? பழைய அறையில் இருந்த ஒவ்வொரு வடிவத்தையும் புதிய எண்ணுக்கு மாற்றுகிறது. அதோடு வரிசையையும் திருத்துகிறது. கொ என்று எழுதப் பழைய முறையில் கொம்பு முதலில், ககரம் அடுத்து, கால் இறுதியில் என மூன்று துண்டுகள். ஒருங்குறியிலோ ககரம் முதலில், அதன்பின் ஒகரக் குறி. இவ்வளவையும் ஒரு நொடியில் முடித்து, பெயர்களைத் திரையில் நிறுத்திற்று. அப்பட்டியலில், பள்ளிக்கூடம் காணாத என் பாட்டியின் பெயரும், அவர் திருவிழாவுக்குக் கொடுத்த 5 ரூபாயும் இருந்தன. எங்கள் தெருவின் வரலாறு அழிவிலிருந்து மீண்டது. நாங்கள் பயன்படுத்தியது உமர்தம்பி செய்த மாற்றியன்று. அவரும் அவர் தோழர்களும் வெட்டிய வழியில் பின்னால் வந்த ஒன்று. ஆனால், அந்த வழி வெட்டப்படாமல் இருந்திருந்தால்?

மறைவும் மரபும்

உமர்தம்பியின் தமிழ்ப்பணி நீண்ட காலம் நடந்ததன்று. வெளிநாட்டு வேலையை விட்டு ஊர் திரும்பி, அதிராம்பட்டினத்திலிருந்தே அவர் இணைய அன்பர்களுக்கு உதவி வந்தார். கடற்கரைச் சிற்றூரில் அமர்ந்து செய்த கருவிகள் கனடாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த தமிழர் கைக்குச் சென்றன. 2006ஆம் ஆண்டு சூலை 12ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு வயது 53. முகம் காணாமல் அவரோடு பழகிய வலைப்பதிவர் பலர், அவர் தந்த எழுத்துருவிலேயே அவருக்கு இரங்கல் எழுதினர்.

2010 சூன் திங்களில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு கூடியது. அதனோடு இணைந்து நடந்த தமிழ் இணைய மாநாட்டில் அரங்கம் ஒன்றுக்கு உமர்தம்பியின் பெயர் சூட்டப்பட்டது. அதே 2010இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியைத் தன் அலுவல்களுக்கு உரிய குறியீடாக ஏற்றது. அவர் தம் கருவிகளுக்கு அடித்தளமாகக் கொண்ட ஒருங்குறி, நான்கு ஆண்டுகளுக்குப் பின் அரச பாதையாயிற்று.

இன்று தேனீ எழுத்துருவைத் தேடுவார் இல்லை. அது இயங்கிய உலாவியையே அதைச் செய்த நிறுவனம் 2022இல் விலக்கிக்கொண்டது. கைப்பேசி வாங்கிய அன்றே தமிழ் தெரிகிறது. தமிழ் எழுதவும் வருகிறது. மர்பி டவுன் காய்கறிக் கடையில் உட்கார்ந்திருக்கும் அம்மாள், தம் பேரனுக்குத் தமிழில் செய்தி தட்டுகிறார். எழுத்துரு என்ற சொல்லே அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. இது உமர்தம்பியின் தோல்வியா? இல்லை. ஆற்றைக் கடக்க ஓடம் விட்டவன், பாலம் வந்த நாளில் வருந்தமாட்டான். ஓடம் இருந்ததால்தான் இக்கரைக்கும் அக்கரைக்கும் உறவு அறுபடாமல் இருந்தது. உறவு இருந்ததால்தான் பாலம் வேண்டும் என்ற எண்ணமும் பிறந்தது. அந்த இடைக்காலத்தில் தமிழர் இணையத்தில் எழுதாமல் இருந்திருந்தால், பெரிய நிறுவனங்கள் தமிழ்க்கென்று ஒரு விசைப்பலகை செய்திருக்குமா என்பது ஐயமே.

ஆனால், பாலம் பிறர் கட்டியது என்பதையும் மறக்கலாகாது. இன்று நமக்கு இலவசமாய்க் கிடைக்கும் கருவிகள் பல, பெரு நிறுவனங்கள் தம் நலம் கருதிக் கொடுப்பவை. கொடுத்தவர் நாளை நிறுத்தலாம், விலையும் கேட்கலாம், நாம் தட்டுவதையெல்லாம் அறிந்துகொள்ளவும் விரும்பலாம். பயனை எதிர்பார்த்துக் கொடுக்கும் இலவசத்துக்கும், அன்பால் கொடுக்கும் இலவசத்துக்கும் உள்ள வேற்றுமை அப்போது விளங்கும். ஆகையால், நம்மவர் நமக்காகச் செய்யும் சிறு கருவிகளின் தேவை இன்னும் தீர்ந்துவிடவில்லை.

மாணவ நண்பர்களே! நம் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறியியல் படிப்போர் ஒருபுறம். தமிழ் படிப்போர் மறுபுறம். இருவரும் கூடும் இடம் இந்தத் தமிழ் மன்றம். பழைய எழுத்துருக்களில் தட்டிய மலர்களும், ஆய்வேடுகளும், சங்க அறிக்கைகளும் எத்தனை அலமாரிகளில், எத்தனை குறுந்தகடுகளில் படிக்க முடியாமல் கிடக்கின்றன! ஆண்டுக்கு ஒரு திங்கள் ஒதுக்கி அவற்றைத் திரட்டுவோம், ஒருங்குறிக்கு மாற்றுவோம், பிழை திருத்துவோம், யாரும் எடுத்துப் படிக்கும்படி வைப்போம். மாற்றும்போது குறை கண்டால் அதைத் தீர்க்கும் சிறு கருவி ஒன்றை நாமே எழுதுவோம். எழுதியதை மூலத்தோடு திறந்து வைப்போம். நாம் பட்டம் பெற்றுச் சென்ற பிறகு வரும் தம்பியும் தங்கையும் அதைத் தொட்டுத் திருத்த வேண்டும் அல்லவா?

உமர்தம்பி பெரும் செல்வர் அல்லர், பேராசிரியர் அல்லர், அரசின் பதவி எதிலும் இருந்தவர் அல்லர். பிழைப்புக்குக் கற்ற தொழிலின் நுட்பத்தைத் தாய்மொழிக்குத் திருப்பியவர். அவர் நினைவுக்குச் சிலை வேண்டியதில்லை. ஒருவர் படிக்க முடியாமல் தவிக்கும் தமிழ்ப் பக்கம் ஒன்றை நாம் படிக்கும்படி செய்து, அதற்கு விலை கேளாமல் இருப்போமானால், அதுவே அவருக்குச் செலுத்தும் நன்றி. அந்நன்றியை இந்த ஆண்டே செலுத்தத் தொடங்குவோமாக!